எழுந்து நின்ற கதை: தீஜன் பாயின் பாண்டவானி

முதுகலை மாணவியருக்கு நாட்டார் வழக்காற்றியல் தாள் நடத்தும்போது, நிகழ்த்துக் கலைகள் பற்றிய அலகில் ஒரு வகுப்பைத் தீஜன் பாய்க்கு என்று ஒதுக்கிவிடுவேன். காணொளியைத் திரையில் ஓடவிடுவேன். முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய சேலை, கழுத்திலும் கையிலும் வெள்ளி நகைகள், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கையில் தம்பூரா. கரகரத்த கனத்த குரல் எழுந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பிறகு நான் பேசத் தொடங்குவேன். "எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பழங்குடிப் பெண். யாரிடமும் முறையாகக் கற்றவரில்லை. பாரதம் முழுவதும் தலைக்குள் இருக்கிறது. பிறவிக் கலைஞர்."

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி குறுக்கிட்டாள். "அம்மா, தாத்தா பாடுனதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவங்க வளர்ந்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் யார்கிட்டயும் கத்துக்கலன்னு எப்படிச் சொல்றீங்க? எங்கப்பா கூத்தாடுறவரு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. அவரைப் பத்திப் பேசறவங்க, இன்னார்கிட்ட பாடம் கேட்டவர்னு வாத்தியார் பேரைச் சொல்லித்தான் பேசுவாங்க. பிறவியிலயே வந்துச்சுன்னு யாரும் சொன்னதில்ல."

என்னிடம் பதில் இல்லை. ஆணின் கலைக்கு வாத்தியார் உண்டு, பரம்பரை உண்டு, பயின்ற ஆண்டுகள் உண்டு. பெண்ணின் கலை மட்டும் அருள், பிறவிக்கொடை, அதிசயம். இத்தனைக்கும் பெண்ணியம் பேசும் நானே இதை ஆண்டுதோறும் சொல்லிவந்திருக்கிறேன். புகழ்ச்சியின் குரலில் சொன்னதால் அதிலிருந்த பறிப்பு எனக்குத் தெரியவில்லை. உழைத்துக் கற்றதை இயல்பாக வந்தது என்று சொன்னால் அங்கே உழைத்தவள் காணாமல் போகிறாள். அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு தீஜன் பாயின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். அந்த வாசிப்பே இந்தக் கட்டுரை.

தெரிந்த தகவல்களிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில், பிலாய் நகரத்துக்கு அருகிலுள்ள கனியாரி கிராமத்தில் 1956இல் பிறந்தவர் தீஜன் பாய். பர்தி சமூகத்தவர். வேட்டையையும் காட்டையும் நம்பி வாழ்ந்த சமூகம் அது. பர்தி என்ற பெயர் கொண்ட குழுக்கள் பல பகுதிகளில் 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் முத்திரை குத்தப்பட்டவை. அந்தச் சட்டம் ஊருக்கு ஊர் என்ன செய்தது என்று தமிழ் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. தாயின் தந்தை பிரிஜ்லால் பாரதம் பாடுவார். சபல் சிங் சௌஹான் என்னும் கவிஞர் மக்கள் மொழியில் எழுதிய பாரதம் அது. சிறுமி அதைக் கேட்டாள், மனப்பாடம் செய்தாள். பின்னர் உமேத் சிங் தேஷ்முக் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பதின்மூன்றாம் வயதில், பக்கத்து ஊரான சந்திரகுரியில் முதல் மேடை. கூலி பத்து ரூபாய்.

இத்தனையும் அவரைப் பற்றிய எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் இருப்பவைதான். தாத்தா என்ற மூலம், எழுதப்பட்ட ஒரு நூல், ஓர் ஆசிரியர், பல ஆண்டுப் பயிற்சி. ஒரு கர்நாடக இசைப் பாடகருக்கு இவ்வளவும் இருந்தால் குருகுலம் என்று எழுதுவோம். தீஜன் பாய்க்கு மட்டும் 'இயற்கையான திறமை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எந்தப் பாணியைத் தேர்ந்துகொண்டார் என்பது. பாண்டவானி என்றால் பாண்டவர்களின் கதை. பாடுபவர் ஒருவரே கதைசொல்லியாகவும் எல்லாப் பாத்திரங்களாகவும் மாறி மாறி நிற்கும் கலை. பின்னால் ஆர்மோனியம், தபலா, தோலக் போன்ற கருவிகளோடு துணைக்குழு. அவர்களில் 'ராகி' எனப்படுபவர் கதைசொல்லிக்கு ஊம் கொட்டுவார், கேள்வி கேட்பார், வியப்பார். நம் வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுகிறவரை நினைத்துக்கொண்டால் போதும்.

இக்கலையில் இரண்டு பாணிகளைச் சொல்வார்கள். ஒன்று வேதமதி. பாடுபவர் உட்கார்ந்து, எழுதப்பட்ட பாரதத்தை ஒட்டிப் பாடுவார். ஆண்களில் ஜாடுராம் தேவாங்கன் இப்பாணியில் பெரும்புகழ் பெற்றவர். பெண்கள் பாடினால் இப்படி உட்கார்ந்துதான் பாடுவது வழக்கம். மற்றொன்று கபாலிக். பாடுபவர் எழுந்து நிற்பார், நடப்பார், பாய்வார். கதையைத் தன் போக்கில் விரிப்பார், சுருக்குவார், புதிதாகச் சேர்ப்பார். கபாலம் என்ற சொல் தமிழிலும் இருப்பதால் இந்தப் பெயர் நமக்கு உடனே விளங்கும். கபாலிக்கில் கதை இருப்பது ஏட்டில் அல்ல, பாடுகிறவரின் மண்டைக்குள். அது ஆண்களுக்கு உரிய பாணியாக இருந்தது. அதில் பாடிய முதல் பெண் என்று அறியப்படுகிறவர் தீஜன் பாய்.

உட்காருவதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அடக்கம், நாணம் சார்ந்த விஷயமாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். பெண் உடல் மேடையில் அசைவதை ஊர் ஏற்கவில்லை என்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இரண்டு பாணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. உட்கார்ந்து பாடுகிறவருக்கு எதிரே ஒரு பிரதி இருக்கிறது. அவர் அதை வழங்குகிறார். நின்று பாடுகிறவருக்குப் பிரதி அவரேதான். எந்தச் சண்டையை எவ்வளவு நேரம் நீட்டுவது, யாரைக் கேலி செய்வது, யாருடைய மௌனத்தில் நின்று நிதானிப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். பெண் உட்கார்ந்துதான் பாட வேண்டும் என்ற வழக்கம் அவளுடைய உடலை மட்டும் கட்டவில்லை. நீ கதையைச் சொல்லலாம், ஆக்கக் கூடாது என்று ஆசிரியத்துவத்தையும் சேர்த்துக் கட்டியது. தீஜன் பாய் மீறியது இதைத்தான்.

மீறிய விதம் இன்னும் சுவையானது. அவர் பிரதியைத் தூக்கி எறியவில்லை. தாத்தாவின் குரல் வழியாக வந்த சபல் சிங் சௌஹானின் பாரதம் அவருக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து நின்றார். எழுத்து மரபு ஒரு பக்கம், வாய்மொழி மரபு ஒரு பக்கம் என்று நாம் வகுப்பறையில் போடும் கோடு அவரிடம் அழிந்துபோகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நான் சொல்லிவந்தது ஒரு தகவலாகச் சரி. ஒரு நூலை ஆழமாக வாசித்த ஒருவரைப் பற்றிய விளக்கமாக அது தவறு. அவர் அதைக் கண்ணால் வாசிக்காமல் காதால் வாசித்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலையைச் சொல்லாமல் நகர முடியாது. பன்னிரண்டு வயதில் மணம் செய்துவைத்தார்கள். பெண் பாண்டவானி பாடுவதா என்று சமூகம் அவரை விலக்கிவைத்தது. தனியாக ஒரு சிறு குடிசை போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் பாத்திரமும் உணவும் இரவல் வாங்கிக் காலம் தள்ளினார். பாடுவதை மட்டும் விடவில்லை. முதல் கணவர் வீட்டுக்கு அவர் போகவே இல்லை. அந்த உறவு முறிந்தது. பின்னாளில் வேறு மணவாழ்வும் குழந்தைகளும் பேரப்பிள்ளைகளும் வந்தன.

இந்தப் பகுதியைப் 'போராடி வென்ற கதை' என்று எழுதுவது எளிது. வெற்றி தெரிந்த பிறகு எழுதுகிறோம் என்பதால்தான் அது எளிதாக இருக்கிறது. குடிசையில் இருந்த சிறுபெண்ணுக்குப் பின்னால் வரப்போகும் விருதுகள் எதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது கதை மட்டும். விலக்கிவைக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் குடிசையோடு முடிந்துபோனார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஒருத்தி தப்பிப் பிழைத்ததைக் காட்டி ஊரின் கொடுமைக்கு மன்னிப்பு வழங்கிவிடக் கூடாது.

அடுத்து வருவது 'கண்டெடுக்கப்பட்ட' கட்டம். நாடக இயக்குநர் ஹபீப் தன்வீர் சத்தீஸ்கர் மண்ணைச் சேர்ந்தவர். அங்குள்ள கிராமியக் கலைஞர்களோடும் அவர்கள் மொழியோடும் நவீன நாடகம் செய்தவர். அவர் கவனத்துக்கு வந்த பிறகு தீஜன் பாயின் மேடை பெரிதாகிறது. பிரதமர் இந்திரா காந்தியின் முன் பாடுகிறார். பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி, மொரீஷியஸ் என்று பல நாடுகளுக்குப் போகிறார். பிலாய் உருக்காலையில் வேலை கிடைக்கிறது. பத்மஸ்ரீ, 1995இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2003இல் பத்மபூஷண், 2018இல் ஜப்பானின் ஃபுகுவோகா பரிசு, 2019இல் பத்மவிபூஷண்.

தன்வீரின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கிராமியக் கலைஞர்களைக் காட்சிப் பொருளாக்காமல் சக கலைஞர்களாக நடத்திய வெகுசிலரில் அவர் ஒருவர். ஆனால் கண்டெடுத்தார் என்ற வினை எனக்கு உறுத்துகிறது. உடையவர் இல்லாத பொருளைத்தான் கண்டெடுப்பார்கள். தீஜன் பாய் அதற்கு முன்பே ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தவர். கேட்பவர்களும் இருந்தார்கள், பகைப்பவர்களும் இருந்தார்கள். தில்லிக்குத்தான் அவர் புதியவர்.

இனி அவருடைய கலைக்குள் போவோம். பெண்ணிய வாசகிக்கு இங்கே ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது. தீஜன் பாய் பாரதத்தை மாற்றி எழுதியவர் அல்ல. சபையில் திரௌபதி இழுத்துவரப்படுகிறாள், கண்ணன் காக்கிறான், பீமன் துச்சாதனனைக் கொன்று பழி தீர்க்கிறான். கதையின் சட்டகம் அப்படியே இருக்கிறது. பாண்டவானியில் பீமன் பெருநாயகன். பலம், கர்ஜனை, கதாயுதம், ரத்தம். ஆண்மையின் இந்தக் கொண்டாட்டத்தை ஒரு பெண் நிகழ்த்துவதில் நாம் மகிழ என்ன இருக்கிறது? ஆண் வேடம் போட்டுக்கொண்டதற்கா கைதட்டுகிறோம்? சில காலம் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கருத்தை மாற்றியது தம்பூரா. மயிலிறகு கட்டிய அந்த ஒரு கருவிதான் மேடையில் எல்லாமும். தோளில் சாய்ந்தால் பீமனின் கதை. நீட்டிப் பிடித்தால் அர்ச்சுனனின் வில். இன்னொரு கணம் திரௌபதியின் கூந்தல். கையில் இருக்கும் பொருள் மாறவில்லை, பிடிக்கும் கை மாறவில்லை. அவமானப்படுகிறவளும், அவமானப்படுத்துகிறவனும், பழிவாங்குகிறவனும், இதையெல்லாம் சொல்கிறவளும் ஒரே பெண்ணின் உடலில் இருக்கிறார்கள். பீமன் எங்கிருந்தோ வந்து திரௌபதியைக் காக்கும் ஆண் அல்ல இங்கே. சற்றுமுன் திரௌபதியாக நின்ற அதே தோள்தான் இப்போது பீமனாக விரிகிறது. கதை மாறாவிட்டாலும் சினம் யாருடையது என்பது மாறிவிடுகிறது.

தமிழ்ச் சூழலில் இதை நாம் கூர்மையாக உணர முடியும். இங்கும் பாரதம் ஊர்த் திருவிழாவில் வாழ்கிறது. வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் உருவம், குருதியில் முடிந்த கூந்தல், முறத்தால் அடிக்கும் காட்சி என்று நமக்குத் தெரிந்த எல்லாமும் ஒரு பெண்ணின் சினத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் மரபாக அந்தத் திரௌபதி வேடத்தைக் கட்டுகிறவர் ஆண். பெண்ணின் சினத்தை ஊர் தெய்வமாக்கி வணங்கும். அதைப் பெண்ணே தன் தொண்டையால் சொல்ல விடாது. என்னைக் கேள்வி கேட்ட மாணவியின் அப்பாவும் பல ஆண்டுகள் திரௌபதி கட்டியவர்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகளுக்கு அத்தனை பாட்டும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் பாடுவாளாம். களத்தில் பாடியதில்லை.

இன்னோர் ஒப்பீடும் உண்டு. 1988இல் தூர்தர்ஷன் இரண்டு தொடர்களைத் தொடங்கியது. ஒன்று பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். மற்றொன்று நேருவின் நூலை அடிப்படையாகக் கொண்டு ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்'. பின்னதில் மகாபாரதப் பகுதிக்குத் தீஜன் பாயின் பாண்டவானியைப் பெனகல் பயன்படுத்தினார். சோப்ராவின் தொடரில் துகிலுரிதலை நாடே பார்த்தது. இழுக்க இழுக்க நீளும் சேலை, சுழலும் பெண், அழுகை. அதில் காணப்படுபவள் திரௌபதி, காண்பவர்கள் நாம். சபையில் இருந்தவர்களின் இடத்தில் நம்மையும் உட்காரவைத்துவிடுகிறது அந்தக் காட்சி. தீஜன் பாய் அதே நிகழ்வைச் சொல்லும்போது இழுக்கப்படும் சேலை மேடையில் இல்லை. ஒரு பெண் நின்று, நடந்ததைச் சொல்கிறார். நம்மை நேராகப் பார்த்துச் சொல்கிறார். பார்க்கப்படுகிறவர்கள் நாம் ஆகிவிடுகிறோம். வன்முறையைக் காட்டாமலே அதன் முழுக் கனத்தையும் கொண்டுவர முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுதான். பாலியல் வன்முறையை எழுதும் இளம் கவிஞர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நான் கற்றுக்கொண்டேன்.

அப்படியானால் அவர் பெண்ணியக் கலைஞரா? அந்தப் பெயரை அவர்மீது ஒட்டுவதில் எனக்கு அவசரமில்லை. நம் சொற்களை அவர் வாயில் திணிப்பதும், பிறவிக் கலைஞர் என்று அவரை மௌனமாக்குவதும் ஒரே வகைக் காரியங்கள். கதை சொல்லும் உரிமையில் ஆக்கும் உரிமையும் அடங்கும் என்பதைச் செய்து காட்டியவர் என்று சொன்னால் அது போதும். அவருக்குப் பின் பாண்டவானிக்கு வந்த பெண்கள் பலர். ரீது வர்மா வேதமதி பாணியில் புகழ்பெற்றார். உட்கார்ந்து பாடுவது இப்போது அவர்களில் சிலருக்குத் தேர்வு. நிற்கவும் முடியும் என்று ஒருத்தி காட்டிய பிறகே உட்காருவது தேர்வாக மாறியது.

கடைசியாக ஒன்று. தீஜன் பாயை உருவாக்கியவர்களின் பட்டியலில் நாம் காணும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை: தாத்தா, சௌஹான், தேஷ்முக், தன்வீர். அவர்கள் இருக்க வேண்டியவர்களே. ஆனால் விலக்கிவைக்கப்பட்ட சிறுபெண்ணுக்குப் பாத்திரமும் சோறும் இரவல் கொடுத்த அண்டை வீட்டார் யார்? கிராமத்தில் பாத்திரம் இரவல் கேட்பவள் எந்த வாசலில், யாரிடம் போய் நிற்பாள் என்று நமக்குத் தெரியும். ஊர் விலக்கிய ஒருத்திக்கு உதவியதால் அவர்களும் பேச்சு வாங்கியிருக்கக் கூடும். அந்தப் பெண்களின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை. அவர்கள் கொடுத்த அடுப்புச் சட்டி இல்லாமல் இந்தப் பாண்டவானி இல்லை. செல்வாக்கு என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருளில் இதற்கும் இடம் வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். தாலாட்டும் ஒப்பாரியும் பாடித் தந்த முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர், வயது, ஊர், தொழில் எல்லாம் ஒழுங்காக அட்டவணையில் இருக்கின்றன. தலைப்பு: 'தகவலாளர் பட்டியல்'. எனக்கு முன்னால் ஆய்வு செய்தவர்கள் போட்ட தலைப்பை நானும் போட்டிருக்கிறேன். தங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டுக் கற்று, சாவு வீட்டில் சொல்லைச் சேர்த்தும் மாற்றியும் பாடியவர்கள் அவர்கள். தகவல் தந்தவர்கள் என்று எழுதிவைத்துவிட்டேன். அச்சான ஏட்டை மாற்ற முடியாது. இந்த ஆண்டு என் மாணவியர் களப்பணிக்கு எடுத்துச் சென்ற படிவத்தில் அந்தத் தலைப்பு இல்லை. 'பாடியவர்' என்று ஒரு கட்டமும், 'யாரிடம் கற்றார்' என்று அடுத்த கட்டமும் இருக்கின்றன. இரண்டாம் கட்டம் பல படிவங்களில் நிரம்பி, ஓரத்திலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது.